கதவுக்கு முட்டுக் கொடுத்த ரொட்டி

பாட்டிலைத் திறந்ததும் பீர் பாதி சுவரில் அடித்தது. மீதியைக் கண்ணாடிக்காரரின் சட்டை குடித்துக்கொண்டது. கிண்ணத்து மாவுக்கு மிஞ்சியது இரண்டு மடக்குதான்.

தப்பு அவருடையதுதான். யார் கண்ணிலும் படக் கூடாது என்று பாட்டிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடிவந்தால் அது பொங்காமல் என்ன செய்யும்?

சாயங்காலம் மனைவி வருகிறாள். கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள், ஒருமுறை வந்து பேசிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறாள். சரிப்பட்டால் இருப்பாள். இல்லாவிட்டால் மீதித் துணிமணியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "வீட்டுல பீர் வாடையே இருக்கக் கூடாது மாப்பிள்ளை."

எல்லாம் ஒரு விருந்தில் வந்த வினை. அவள் ஆசையாகச் சுட்டு வைத்த ரொட்டியை இவர் எல்லோர் முன்னாலும் தட்டிப் பார்த்து, "இதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், காத்துக்குச் சாத்திக்காது" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து போனில் அவர் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார். "அது நான் பேசலைம்மா. உள்ள போன பீர் பேசிச்சு."

அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஒரு பாட்டில் உள்ளே போனாலே அவர் நாக்கு கட்டவிழ்ந்துவிடும். உறவுக்காரர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி.

பரிகாரமாகத் தன் கையால் ஒரு ரொட்டி சுட்டு வைப்பது என்று முடிவு செய்திருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர்தான் வழி சொன்னார். "ஈஸ்ட் வேண்டாம், பிசைய வேண்டாம் முதலாளி. மாவு, சர்க்கரை, துளி உப்பு, பேக்கிங் பவுடர், ஒரு பாட்டில் பீர். கலக்கி ஓவன்ல தள்ளுங்க. வாடையெல்லாம் சூட்டுல பறந்துடும்."

ஈரச் சட்டையோடு மறுபடியும் முனைக் கடைக்கு ஓடினார்.

"இன்னொண்ணா சார்?" என்றார் கடைக்காரர், சட்டையைப் பார்த்தபடி.

"ரொட்டிக்குப்பா."

"எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் சார் செய்வாங்க." லேபிளைக் கிழித்துவிட்டுப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். கண்ணாடிக்காரருக்கு எப்போதுமே அப்படித்தான் கொடுப்பார். அது தன் கௌரவத்துக்குச் செய்யும் மரியாதை என்று இவருக்கு உள்ளூரப் பெருமை.

படியில் கீழ்வீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டாள். "பட்டப் பகல்லயேவா?"

வீட்டுக்கு வந்த பிறகுதான் உலகம் மங்கலாக இருப்பது உறைத்தது. வியர்வை துடைக்கக் கழற்றிய மூக்குக்கண்ணாடி முனைக் கடையிலேயே தங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் வீட்டில் மாற்றுக் கண்ணாடி கிடையாது. அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள், இரண்டிலும் வெள்ளையாக ஏதோ. ஒன்றிலிருந்து தாராளமாகவும் மற்றதிலிருந்து துளியும் போட்டு, பீரை ஊற்றிக் கலக்கி ஓவனுக்குள் தள்ளினார்.

அடுத்தது சுவர். அவசரத்துக்குத் துணி அகப்படாமல் சட்டையைக் கழற்றித் துடைத்தார். ஓரிடத்தில் இருந்த வாடை சுவர் முழுக்கப் பரவியது. அதை அமுக்க மனைவியின் சென்ட்டை அடித்தார். கல்யாண வீட்டில் குடித்துவிட்டு விழுந்துகிடப்பவரின் வாடை வந்தது. ஜன்னலையெல்லாம் திறந்தார். காற்றில் கூடத்துக் கதவு படார் படாரென்று அடிக்கத் தொடங்கியது. காலிப் பாட்டில்களைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் செருகினார்.

அழைப்பு மணி அடித்தது.

மனைவியோடு வந்த அவள் அண்ணன் செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்தார். இரண்டு பாட்டில்களும் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றன. அவர் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு. அதுவும் சட்டைகூட இல்லாம நிக்கறீங்க மாப்பிள்ளை."

"ரொட்டிக்கு வாங்கினது மச்சான்."

"ரொட்டி குடிச்சுதா?"

"ஆமா மச்சான்."

"ஒரு பாட்டிலை ரொட்டி குடிச்சுது. இன்னொண்ணை?"

"சுவர்."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "கேட்டுட்டேல்ல? வா, போகலாம்."

"இருண்ணா," என்றாள் அவள். பையைக் கீழே வைக்காமலே சமையலறைக்குப் போய் ஓவனைத் திறந்தாள். ரொட்டியை வெளியே எடுத்து விரலால் தட்டினாள். பலகையைத் தட்டியது போல் கேட்டது. கத்தி திணறித் திணறி ஒரு துண்டு வெட்டியது. வாயில் போட்டுக்கொண்டவள் முகத்தில் மாறுதல் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.

"உப்பு," என்றாள். பிறகு, "இதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாமா?"

"அன்னிக்கு நான் பேசலைம்மா, அந்தப் பீர்..." என்று பழைய பாட்டைத் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கையெல்லாம் மாவு. கண் முன்னால் மங்கலாக அவள்.

"இல்ல. நான்தான் பேசினேன்," என்றார். "நாலு பேர் சிரிக்கணும்னு, யோசிச்சுத்தான் சொன்னேன். பழியைத் தூக்கிப் பாட்டில் தலையில போட்டுட்டேன். ஒரு ரொட்டிக்கு எவ்வளவு பாடு படணும்னு இன்னிக்குத்தான் தெரியுது. மன்னிச்சிடு."

 அவள் ரொட்டியை எடுத்துப் போய், அடித்துக்கொண்டிருந்த கூடத்துக் கதவின் கீழே வைத்தாள். கதவு அடங்கியது. பையைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"நீ கிளம்புண்ணா."

"கிளம்பறதா? இந்த வாடைக்கு என்ன சொல்றே?"

"அது போயிடும்."

வாசலில் யாரோ செருமினார்கள். முனைக் கடைக்காரர், கையில் மூக்குக்கண்ணாடி. "கல்லாகிட்டயே விட்டுட்டு வந்துட்டீங்க சார்."

கண்ணாடிக்காரர் அதை வாங்கி மாட்டிக்கொண்டார். கடைக்காரர் கண்ணில் அண்ணன் கையிலிருந்த இரண்டு பாட்டில்களும் பட்டன. பதறிப்போய் அவளிடம் திரும்பினார்.

"தப்பா நினைச்சுடாதீங்கக்கா. கல்யாணமான புதுசுல நீங்க சொல்லிவச்ச மாதிரியே, இன்னிவரைக்கும் லேபிளைக் கிழிச்சுட்டு, போதையே இல்லாத பீரைத்தான் சாருக்குக் குடுத்துட்டு வரேன்."