மூன்றாம் மாடி அரசியல் சாசனம்

நாட்டைத் திருத்தப் புறப்பட்டவர்கள் எல்லோரும் கீழேயிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றாம் மாடியிலிருந்து தொடங்கிய ஒரே மகான், வண்ணார்பேட்டை ‘பொதிகை நிழல்’ அடுக்ககத்தின் நிரந்தரத் தலைவர் குற்றாலலிங்கம் அவர்கள்தான்.

அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருஷம் இருந்து, தன் மேசைக்கு வந்த எந்தக் கோப்பையும் அங்கேயே தங்கவிடாமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டவர். இப்பேர்ப்பட்ட நிர்வாகிக்கு டெல்லியைப் பார்த்தால் வயிறு எரியாதா? நாடாளுமன்றம் முடங்குகிறது, மசோதா தொங்குகிறது, உறுப்பினர்கள் கத்திவிட்டு வெளியே போகிறார்கள். கோளாறு ஆட்களிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஓய்வு பெற்ற கையோடு புதிய அரசியல் சாசனம் ஒன்றை எழுதியும் முடித்தார். முடித்த பிறகுதான் ஒரு சின்னக் குறை தெரிந்தது. அதைப் போட்டுப் பார்க்க அவரிடம் ஒரு நாடு இல்லை.

பங்குனி மாதம் அந்தக் குறையை லிஃப்ட் தீர்த்துவைத்தது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் போய் அசையாமல் நின்றுவிட்டது.

அவர் மனைவி பார்வதியம்மாள், முழங்கால் ஆபரேஷன் முடிந்து அதே லிஃப்டில் ஏறி வீட்டுக்கு வந்தது முந்தின நாள்தான். படியில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெல்லையப்பர் ஆனித் தேருக்கு வடம் தொட்டுக் கும்பிடாத வருஷம் என்று ஒன்று, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அம்மாளுக்குக் கிடையாது.

“ஏங்க, ஆனிக்குள்ள லிஃப்ட் சரியாயிருமா?”

“ஆனி எங்க கெடக்கு! பத்து நாள்ல பாரு.”

அன்று சாயங்காலமே தரைத்தளத்து அகமது மீரான் வந்தார். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கூடவே ஒரு மெக்கானிக்.

“அண்ணாச்சி, ஒரு நாள் வேலதாங்காரு. செலவ நான் போடுதேன். பொறவு எல்லாரும் பைய தந்தாப் போதும். மதினி மேல கெடந்து என்ன செய்வாவ?”

குற்றாலலிங்கம் அதிர்ந்துபோனார். “மீரான், இது மன்னராட்சி வே! ஒருத்தர் தயவுலயா ஒரு நாடு மேல ஏறது? முறையா மசோதா கொண்டாந்து நிறைவேத்துவோம்.”

மெக்கானிக் ஒரு வாய் காப்பிகூட இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார். ‘பொதிகை நிழல்’ அன்றே குடியரசானது.

தரைத்தளமும் முதல் மாடியும் கீழவை. இரண்டும் மூன்றும் மேலவை. கட்டிடம் கட்டின கொத்தனாரே அந்தக் காலத்தில் இதை உத்தேசித்திருக்க வேண்டும். சாசனத்தின் முதல் பிரிவு, பேச எழுந்தவர்கள் ‘அவர்களே, அவர்களே’ என்று விளித்து நேரத்தை வீணாக்குவதைத் தடை செய்தது. அந்தப் பிரிவை ஆதரித்துப் பேசிய எல்லோரும் “விளிப்பை ஒழித்த வித்தகர், எங்கள் தலைவர் அவர்களே” என்றுதான் தொடங்கினார்கள். தலைவர் பெருந்தன்மையோடு அந்த ஒன்றை மட்டும் அனுமதித்தார்.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் வந்தது. லிஃப்ட் வேண்டும் என்று எல்லோருமே சொன்னார்கள். எதிர்க்கட்சி இல்லாத ஜனநாயகத்தை நாலு பேர் மதிப்பார்களா? மீரானைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீர்தான் எதிர்க்கட்சித் தலைவர். எதிர்க்கணும் வே.”

“எத எதிர்க்க அண்ணாச்சி? லிஃப்ட் வேணும்லா?”

“வேணும். அதனாலதான் எதிர்க்கணும். எதிர்ப்ப முறியடிச்சு நிறைவேறினாத்தான் மசோதாவுக்கு ஒரு மரியாத.”

மீரான் வியாபாரி. கேட்டதை எடுத்துக் கொடுத்தே பழகியவர். மறுவாரம் எழுந்து, “ஏறாத லிஃப்டுக்குக் கீழ்வீட்டுக்காரன் எதுக்குப் பங்கு தரணும்?” என்று ஒரு போடு போட்டார். கைதட்டல் எழுந்தது. கடையில் இத்தனை வருஷம் துணி கிழித்துக் கொடுத்ததற்கு ஒரு ஆள் கை தட்டினதில்லை. மனுஷன் ருசி கண்டுவிட்டார். அடுத்த வாரம் வெளிநடப்பே செய்து, நேராக டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சித்திரையில் மசோதா தேர்வுக்குழுவுக்குப் போனது. வைகாசியில் கீழவையின் திருத்தத்தை மேலவை நிராகரித்தது. தேர்வுக்குழு ஏன் கூடவில்லை என்று ஆராய இன்னொரு குழு அமைக்கப்பட்டது, அதுவும் கூடவில்லை. டெல்லி ஐந்து வருஷம் எடுத்துச் செய்வதைக் குற்றாலலிங்கம் மூன்றே மாதத்தில் செய்து காட்டினார்!

பார்வதியம்மாள் பால்கனியில் உட்கார்ந்து பஸ் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மெக்கானிக்க ஒருவாட்டி கூப்பிட்டாத்தான் என்ன?”

“அது அவசரச் சட்டம் பார்வதி. ஜனநாயகத்துக்கே சாபக்கேடு.”

“எனக்கு அவசரமா இருக்கே.”

அவர் சாசனத்தை எடுத்து, ‘அவசரம்’ எந்தப் பிரிவில் வருகிறது என்று தேட ஆரம்பித்தார்.

ஆனித் தேரன்று காலையில் இரு அவைகளின் கூட்டுக்கூட்டம். படிக்கட்டின் அடியில், கார் நிறுத்துமிடத்தில், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். லிஃப்ட் மசோதாவின் கடைசி வாசிப்பு. குற்றாலலிங்கம் வெள்ளை வேட்டி பளபளக்க எழுந்து, “வரலாறு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது” என்று ஆரம்பித்தார்.

மீரானின் மனைவி கமர் நிஷா, பார்வதியம்மாளைப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து, நேரே புருஷனிடம் போய் நின்றாள்.

“அக்கா விடியமுன்ன குளிச்சுப் பூ வச்சு உக்காந்திருக்காவ. எறங்க முடியலயேன்னு அழுதாவ. நீங்க இங்கன உக்காந்து கை தட்டிட்டு இருக்கிய.”

மீரான் முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்தார். “நாங்க வெளிநடப்பு செய்யுதோம்.”

வழக்கமாக வாசல் பக்கம் போகிற வெளிநடப்பு, அன்று படியேறியது. ஆளுங்கட்சியிலிருந்து மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள். சற்று நேரத்தில், ஒரு நாற்காலியின் நான்கு காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, பார்வதியம்மாளைப் பைய இறக்கிக்கொண்டு வந்தார்கள். கமர் நிஷா முன்னால் நடந்து, “சாச்சுப்புடாதிய, சாச்சுப்புடாதிய” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து வழி விட்டு, ஒவ்வொருவராகக் கூடப் போனார்கள்.

“அவை நடந்துட்டிருக்கு!” குற்றாலலிங்கம் குரல் உடைந்தது. “யாரைக் கேட்டுத் தூக்குனிய? இது எந்தப் பிரிவுல வருது?”

“எதுலயும் வரல அண்ணாச்சி,” என்றார் மீரான், மூச்சு வாங்கிக்கொண்டே. “மதினி எறங்கணும்னாவ. எறக்குனோம்.”

வாசலில் ஆட்டோ நின்றது. பார்வதியம்மாள் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒங்களுக்கு இந்த நாடு சரியாவணும்னு ஆசையே கெடையாதுங்க. அது கெட்டுக் கெடந்தாத்தான நீங்க எந்திரிச்சு நின்னு பேசலாம்? அதுக்கு நான் மூணு மாசம் மேல கெடந்தேன்.”

ஆட்டோ டவுனைப் பார்த்துப் போனது. பின்னாலேயே மொத்தக் குடியரசும் பைக்கிலும் காரிலும் தேர் பார்க்கப் போய்விட்டது.

காலி நாற்காலிகளுக்கு முன்னால் குற்றாலலிங்கம் தனியாக நின்றார். ஆனாலும் மரபு என்று ஒன்று இருக்கிறதல்லவா? தொண்டையைச் செருமி, நிமிர்ந்து, “உறுப்பினர் அல்லாத ஒருவர் கூறிய அந்த வார்த்தைகளை அவைக் குறிப்பிலிருந்து நீக்க உத்தரவிடுகிறேன்” என்றார்.

நீக்குவதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.