பசுமை இல்ல வாயு

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நான் கலப்பில்லாத தமிழில் பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்த விஷப்பரீட்சையில் நான் இறங்கியதே இல்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து, ஜீவனஹள்ளியில் ஒரு மாடி அறையில் நண்பனோடு தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காக்ஸ் டவுனில் ஒரு தமிழ் கிறிஸ்தவக் கோயிலுக்கு ஆராதனைக்குப் போவேன். பக்தி முற்றிவிட்டது என்று அம்மா ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் முற்றியது வேறு. பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் ஷீபா நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்னைக் கவனித்தாள். (பாட்டைத் தப்பான ராகத்தில் அவ்வளவு சத்தமாகப் பாடுகிறவனை யாராக இருந்தாலும் கவனிப்பார்கள்.)

ஆறே மாதத்தில் விஷயம் கல்யாணப் பேச்சு வரை வந்துவிட்டது. ஷீபாவின் அம்மாவுக்குச் சம்மதம். அப்பா ஜெயசீலன் சாரிடம்தான் இன்னும் சொல்லவில்லை. அவர் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். ஷீபா சொன்னபடி காக்ஸ் டவுனில் மின்விசிறியே இல்லாத வீடு அவருடையது ஒன்றுதான். "பெங்களூர்ல ஃபேன் எதுக்குய்யா? ஆண்டவரே ஏசி போட்டுக் குடுத்த ஊரு இது" என்பார். பூமி சூடாகிறது என்று யாராவது வாய் திறந்தால் பனி யுகத்தில் ஆரம்பித்துவிடுவார். "பூமி சூடாவும், ஆறும். அதுக்கு மனுஷன் என்ன பண்ணான்?" என்று கேட்டுக்கொண்டே கைக்குட்டையால் கழுத்து வேர்வையைத் துடைப்பார்.

அந்த ஏப்ரலில் வெயில் கொளுத்தியது. கோயிலுக்கு இன்னும் நான்கு மின்விசிறி வாங்க வேண்டும் என்று பெண்கள் ஐக்கியம் மனுக் கொடுத்தது. தேவையில்லை என்று ஜெயசீலன் சார் எழுந்து நின்றார். வண்டிப் புகையாலும் மரம் வெட்டியதாலும் ஊரே அடுப்பாகிவிட்டது என்று ஒரு கட்சி, எல்லாம் இயற்கை, தானாகக் குளிரும் என்று ஒரு கட்சி. இரண்டு ஞாயிறு கோயில் வாசலில் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. கடைசியில் போதகர் ஒரு வழி கண்டுபிடித்தார். கோயில் ஆண்டு விழாவில் பட்டிமன்றம்: 'பூமி சூடாகக் காரணம் மனிதனா, இயற்கையா?' இயற்கை அணிக்குத் தலைவர் ஜெயசீலன் சார். மனித அணிக்கு நான். (கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது ஜனங்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.)

நடுவர் போதகர்தான். அவர் ஒரு விதியும் போட்டார். மேடையில் தமிழ் மட்டும்தான். ஆங்கில வார்த்தை வந்தால் ஞாயிறு பள்ளி மணி ஒரு தடவை அடிக்கப்படும். மூன்று மணி விழுந்தால் பேச்சாளர் உட்கார்ந்துவிட வேண்டும். இங்கிலீஷும் கன்னடமும் கலக்காமல் ஒரு டீகூடச் சொல்லத் தெரியாத பெங்களூர்த் தமிழர்களுக்கு இது பெரிய சோதனை.

விழாவுக்கு முதல் நாள் ஷீபா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நாளைக்கு சாயங்காலம் அப்பாகிட்ட நம்ம விஷயத்த சொல்லப் போறேன். நல்லாப் பேசுங்க. ஜெயிச்சாக்கூடப் பரவாயில்ல. ஆனா அவர நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தற மாதிரி ஒரு வார்த்தை வந்துடக் கூடாது. அவருக்கு மானம்தான் பெருசு."

"என் வாயிலயா? சேச்சே!" என்றேன்.

நான் சும்மா சொல்லவில்லை. தயாரிப்பு பலமாக இருந்தது. அக்கா பையனின் தமிழ் மீடிய அறிவியல் புத்தகத்தைத் திருப்பத்தூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லி, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல் எடுத்து வைத்திருந்தேன். கிரீன்ஹவுஸ் கேஸ் என்பதற்குப் 'பசுமை இல்ல வாயு' என்று போட்டிருந்தது. கண்ணாடி முன் நின்று அதைக் கையை ஓங்கி ஓங்கிச் சொல்லிப் பார்த்தேன். "வாழக்கா பஜ்ஜி சாப்ட்டவன் மாதிரியே இருக்குடா" என்றான் அறை நண்பன். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

எனக்கு இரண்டு விஷயங்கள் தெரியாது. ஒன்று, ஷீபா வீட்டின் பெயர். கேட்டுத் தூணில் சிமெண்ட் எழுத்தில் பதித்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, சபையார் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. மாதம் ஒரு முறை "ஜெபக்கூட்டம் இன்னாருடைய இல்லத்தில்" என்று ஆராதனை முடிவில் அறிவிப்பும் வரும். ஆனால் நான்தான் அறிவிப்புக்கு முன்பே நழுவிவிடுவேனே. பன்னிரண்டரைக்கு மேல் போனால் மெஸ்ஸில் பிரியாணியில் பீஸ் இருக்காது. அந்தப் பீஸுக்காக நான் கொடுத்த விலை பின்னால்தான் தெரிந்தது. இரண்டாவது விஷயம், ஜெயசீலன் சாரின் வயிறு. அவர் சட்டைப்பையில் எப்போதும் ஓம வாட்டர் பாட்டில் இருக்கும். அவருக்குப் பின் பெஞ்சு ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

விழா நாள் வந்தது. பந்தலுக்குக் கீழே சபை முழுக்கக் கூடியிருந்தது. முதலில் பேசிய ஜெயசீலன் சார் பனி யுகத்தை ஒரு கை பார்த்துவிட்டு, ஒரு மணிகூட வாங்காமல் உட்கார்ந்தார். அடுத்து நான். ஷீபா முன்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"பெரியோர்களே! இந்த உலகத்தை இன்று மூச்சுத் திணறச் செய்வது எது? பசுமை இல்ல வாயு!"

பின்னால் எங்கேயோ ஒருவர் களுக்கென்றார். அடுத்த நொடி பந்தலே அதிர்ந்தது. "சக்கத் குரு!" என்று கடைசி வரிசையிலிருந்து கன்னடத்தில் ஒரு பாராட்டு வேறு. நான் சபையைக் கட்டிப்போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"சிரிக்காதீர்கள்!" என்று கையை ஓங்கினேன். "பசுமை இல்ல வாயு கண்ணுக்குத் தெரியாது! ஆனால் வருடத்துக்கு வருடம் பெருகுகிறது! இன்று இதைக் கட்டுப்படுத்தாவிட்டால் நாளை நம் பிள்ளைகள் இதே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும்!"

ஷீபாவின் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. என் உருக்கமான பேச்சில் அழுகிறார் என்றே நினைத்தேன். ஷீபா மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நேரமாகிவிட்டது, சீக்கிரம் முடி என்கிறாள் போல என்று, கடைசிக்கு வைத்திருந்த வெடியைக் கொளுத்திப் போட்டேன்.

"இதற்குப் பொறுப்பு யார்? இயற்கையா? இல்லை! மனிதன்தான்! எதிரணித் தலைவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும், இதில் அவருக்குப் பங்கே இல்லையா?"

ஜெயசீலன் சார் எழுந்தார். காது மடல் வரை சிவந்திருந்தது.

"தம்பி, எங்க வீட்ல நீ காலே வெச்சதில்ல. எங்க வீட்டு வாயு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

பக்கத்தில் இருந்த போதகர் குனிந்து, "அவர் வீட்டுப் பேருதான்யா பசுமை இல்லம்" என்றார், உதட்டைக் கடித்துக்கொண்டு.

செத்தால் தேவலை என்று இருந்தது. கற்றிருந்த தூய தமிழ் மொத்தமும் ஒரே மூச்சில் ஓடிவிட்டது.

"ஐயா, சாரி!" டிங். "அது வீடில்ல, கிரீன்ஹவுஸ்!" டிங். "நான் சொன்னது அந்த கேஸ்!" டிங்.

மூன்று மணி. விளக்கம் சொல்ல வழியில்லாமல் உட்காரவைத்துவிட்டார்கள். அவர் வயிற்றைச் சுட்டிக்காட்டி 'அந்த கேஸ்' என்று சொன்னதாகவே சபையின் நினைவில் பதிந்தது. சாயங்காலம் ஷீபா அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடமும் பேசவில்லை.

ஒரு வாரம் தூக்கமில்லை. சனிக்கிழமை மத்தியானம், அறிவியல் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். தூணில் அந்தப் பெயர் பச்சையாக என்னைப் பார்த்துச் சிரித்தது. கூடத்தில் சார் பனியனோடு உட்கார்ந்து, பட்டிமன்ற நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே காலை வைத்ததுமே இட்லிப் பானைக்குள் இறங்கியது போல இருந்தது.

"ஊரே என்னப் பாத்து மூக்கப் பிடிக்குது. இப்ப எதுக்கு வந்தே?"

புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். "சார், உங்க வீட்டச் சொல்லவேயில்ல. பசுமை இல்லம்னா செடி வளக்கற கண்ணாடி வீடு. உள்ள வந்த சூட்ட வெளிய விடாது. உள்ளயே அடைச்சு வெச்சுப் புழுங்கடிக்கும்..."

சமையலறை வாசலில் நின்றிருந்த ஷீபாவின் அம்மா, வேர்வை வழியும் முகத்தோடு வெளியே வந்தார்.

"அத்த திருப்பிச் சொல்லு தம்பி."

"சூட்ட வெளிய விடாது ஆன்ட்டி."

"கேட்டீங்களா? புஸ்தகத்துலயே போட்டிருக்கு! பேரு பொருத்தமாத்தான் வெச்சிருக்கீங்க. ஒரு ஃபேன் மாட்டுங்கன்னா மாட்டேங்கறீங்க. இன்னிக்கு சமையல் கிடையாது, போங்க!"

அவர் விறுக்கென்று சமையலறைக்குத் திரும்பிப் போக, உள்ளே ஷீபா சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு வாரம் கழித்துக் கேட்ட சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சார் புத்தகத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "நான் வேலைக்கு வந்தப்ப ஏப்ரல்லயும் காலையில ஸ்வெட்டர் போட்டுத்தான்பா ஸ்கூலுக்குப் போவேன். ஃபேன் மாட்டிட்டா, அந்த ஊரு போயிடுச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

எனக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. "நீங்க மாட்ட வேணாம் சார். மாப்பிள்ளை வீட்டுச் சீரா வந்தா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். சமையலறை வாசலைப் பார்த்தார். அங்கே இரண்டு தலைகள் சட்டென்று மறைந்தன. "ஓ, கதை அப்படிப் போவுதா?" என்றார்.

டிசம்பரில் கல்யாணம் ஆயிற்று. பொண்ணு வீட்டுக்குச் சீர் கொண்டுபோன திருப்பத்தூர் மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூன்று இறக்கை மின்விசிறி கூடத்தில் மாட்டப்பட்டது. பூமி சூடாகிவிட்டதை மாமா இதுவரை ஒத்துக்கொள்ளவில்லை. வெயிலுக்காக அந்த மின்விசிறியை அவர் ஒரு நாளும் போட்டதில்லை. போடுவதற்கு வேறு காரணம் வைத்திருக்கிறார். எந்த மாதமானாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும். உள்ளேயிருந்து அத்தைக்கு ஒரு குரல் கொடுப்பார்.

"இந்தா, வாயு வந்தாச்சு! ஃபேனப் போடு!"