டைரக்டருக்கு இருபத்துநாலு மடங்கு

ஓர் அரசாங்க அலுவலகம் இருந்தால் அது இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் விலங்குத் தொல்லை நிவாரண இலாகாவுக்குக் காரணம் ஒரு துப்பாக்கி. வெள்ளைக்காரன் யானை சுட வைத்திருந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான். யானையும் போய்விட்டது. துப்பாக்கி மட்டும் போகவில்லை. அதற்கு எண்ணெய் போட ஓர் ஆள், அந்த ஆளை மேற்பார்வை பார்க்க ஓர் ஆள், எல்லோருக்கும் மேலே டைரக்டர் ஊ பிலிப். ('ஊ' என்றால் பர்மாவில் 'திரு'.)

இந்த மகத்தான ஸ்தாபனத்துக்கு ஒருநாள் உண்மையாகவே வேலை வந்துவிட்டது. ரங்கூனுக்கு வெளியே மாவ்பியிலிருந்து வடிவேல் என்ற கடலை விவசாயி பஸ் பிடித்து வந்து, 'ஐயா'வைப் பர்மிய வழக்கப்படி 'சயா' ஆக்கி முறையிட்டார்.

"சயா, காட்டுப்பன்னிங்க தொல்லை தாங்கலை. அதிலே ஒண்ணு கன்னுக்குட்டி மாதிரி இருக்கு. பொழுது சாஞ்சா வந்து கடலையைத் தோண்டுது. புடுங்க இன்னும் ஒரு மாசம் கிடக்கு. இதுவும் போச்சுன்னா அடுத்த போகத்துக்கு விதைக்கடலைகூட இருக்காது."

டைரக்டர் உருகிப்போனார். நல்ல மனிதர்தான், ஆபத்தே அங்கேதான் இருந்தது.

"இன்னிக்கே சுடலாம், ஊ வடிவேல். ஆனா துப்பாக்கியிலே ஸ்கோப் இல்லையே! கல்யாண போட்டோ எடுக்கிறவன்கூட முழ நீளத்துக்கு லென்ஸ் வச்சிருக்கான். அரசாங்கம் வெறுங்கண்ணாலே பாக்கலாமா?"

"குறி பாக்க முனையிலே முள்ளு இருக்கே, சயா."

"அது வெள்ளைக்காரன் வச்ச முள்ளு. நமக்குச் சுதந்திரம் வந்தாச்சு."

அன்று மாலைக்குள் ஸ்கோப் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. பொதுமக்கள் பிரதிநிதி இல்லாத குழு செல்லாது என்பதால் வடிவேலையே அதில் போட்டு, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்தார்கள். அதன்பின் அவர் தினமும் காலையில் பஸ் ஏறி, இருட்டியபின் வீடு திரும்பினார். குழுவில் அவர் பன்றியைக் கண்டித்துப் பேசிய நேரத்தில், பன்றி அவர் தோட்டத்தில் ஆட்சேபணையில்லாமல் மேய்ந்தது.

"பன்னி வேலிக்கு இந்தாண்டை நிக்குது. கையை நீட்டினா வாலு கிடைக்கும். அதைப் பாக்க என்ன குழாய் வேண்டிக்கிடக்கு?" என்று மனைவி நீலாம்பாள் கத்தினாள். "நீங்க வீட்டிலே இருந்து தகரத்தைத் தட்டினாலே ஓடிடும்."

"குழுவிலே இருக்கிறவன் தகரம் தட்டுறதா?" என்றார் வடிவேல். வில்லையைக் கழற்றாமலேயே சாப்பிட்டார்.

ஒரு சுபதினத்தில் குழு ஊர்வலமாக இப்ராஹிம் கடைக்குப் போனது. மூக்குக் கண்ணாடியிலிருந்து துப்பாக்கி ஸ்கோப் வரை விற்பவர் அவர்.

"உதைக்கிற துப்பாக்கி, கிட்டத்து மிருகம். ரெண்டு மடங்கு பெருசாக் காட்டினா யதேஷ்டம், சயா. இதிலே கண்ணைத் தள்ளி வச்சே பாக்கலாம். முகத்திலே இடிக்காது."

தலைமைக் குமாஸ்தா ஷைலா இருமினார். "டைரக்டருக்கு ரெண்டு மடங்கா? எங்க ஆபீஸ் வாட்ச்மேனுக்கு என்ன கொடுக்கிறது?"

"அப்போ என் பதவிக்கு எத்தனை வரும்?" என்று டைரக்டர் கூச்சத்தோடு கேட்டார்.

ஷைலா வாட்ச்மேனிலிருந்து படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனார். டைரக்டரிடம் வந்தபோது இருபத்துநாலு ஆகியிருந்தது.

இப்ராஹிம் மனச்சாட்சி உள்ளவர். ஆனால் மடங்கு ஏறினால் விலையும் ஏறும் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. "சயா முகத்தைப் பாத்தப்பவே இருபத்துநாலுன்னுதான் நினைச்சேன்," என்றார்.

துப்பாக்கி ஒன்றுதான். அதற்காகத் தகுதியை விட்டுக்கொடுக்க முடியுமா? ஆளுக்கொரு ஸ்கோப் வாங்குவது என்று முடிவாயிற்று. அப்போது வடிவேல் கையைத் தூக்கினார். பன்றியைப் பற்றிப் பேசப்போகிறார் என்று எல்லோரும் முகம் சுளித்தார்கள்.

"பொதுமக்கள் பிரதிநிதிக்கு எத்தனை மடங்கு?" என்று கேட்டார் அவர்.

ஆறு மடங்கு கிடைத்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

சுடும் நாள் வந்தது. பொழுது சாய்ந்ததும் பன்றியும் வந்தது. டைரக்டர் வரப்பில் குப்புறப் படுத்து, ஸ்கோப்பில் கண்ணை ஒட்டினார்.

"பன்னி எங்கே?"

"முன்னாலேயே நிக்குது, சயா."

"எனக்கு ரெண்டு ரோமம்தான் தெரியுது. ஒண்ணிலே உண்ணி இருக்கு."

"கொஞ்சம் பின்னாலே போய்ப் படுங்களேன்."

"அரசாங்கம் பின்வாங்காது. பன்னியைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

வடிவேல் தன் கடலைச் செடிகளைத் தானே மிதித்துக்கொண்டு ஓடினார். தமிழிலும் சொன்னார், பர்மியத்திலும் சொன்னார். பன்றி எதற்கும் மசியவில்லை. டைரக்டர் சுட்டார். யானைத் துப்பாக்கி உதைத்த உதையில் ஸ்கோப்பின் விளிம்பு அவர் புருவத்துக்கு மேல் பிறை வடிவில் வெட்டியது. குண்டு வடிவேலின் தண்ணீர் பம்பைத் துளைத்தது. பன்றி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது.

"குறி துல்லியமாகவே இருந்தது; இலக்கு ஒத்துழைக்கவில்லை" என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று.

டைரக்டரின் புருவத்துப் பிறை அலுவலகத்தையே கலக்கிவிட்டது. அது வீரத் தழும்பல்லவா? மறுநாள் ஷைலா, கன்னத்தில் பூசும் தனக்காச் சாந்தை எடுத்துப் புருவத்துக்கு மேல் பிறை வரைந்துகொண்டு வந்தார். அடுத்த வாரம் அலுவலகம் முழுக்கப் பிறை. அதற்கடுத்த வாரம் தாகேதா சந்தையில் மீன் வாங்குகிறவர், விற்கிறவர் எல்லோர் புருவத்திலும் பிறை. பிறை இல்லாதவரைப் பார்த்து, "உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தார்கள்.

கடலையைக் கேட்கிறீர்களா? ஒரு செடி மிஞ்சவில்லை. நீலாம்பாள் வெறும் நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். வடிவேல் அழவில்லை. அவரை நிரந்தரப் பிரதிநிதியாக்கி, அலுவலகத்தில் மேஜையும் போட்டுவிட்டார்கள்.

இங்கே தின்ன ஒன்றுமில்லாததால் பன்றிகள் அடுத்த தோட்டத்துக்குப் போயின. அதன் சொந்தக்காரர் சிங்கராயர் பஸ் பிடித்து, அந்த மேஜைக்கு மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அண்ணே, பன்னி என் கடலையிலே இறங்கிடுச்சு. பட்டவரு நீங்க, உங்களுக்குத்தான் தெரியும். உடனே ஏதாவது பண்ணுங்க!"

வடிவேல் புருவத்துப் பிறை கலையாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"உக்காருங்க, தம்பி. நிலம் எத்தனை ஏக்கர்?"

"ரெண்டு, அண்ணே."

வடிவேல் விரல்விட்டு எண்ணினார். "ரெண்டு ஏக்கருக்கு ஒரு மடங்குதான் வருது. ஒரு மடங்குன்னா வெறுங்கண்ணுதான். அது உங்ககிட்டேயே இருக்கு. போய்ப் பாத்துக்கிட்டே இருங்க."