ஓக் மரத்துக்கு வந்த நோய்

மகாலிங்கம் அந்த மரத்துக்கு மரண தண்டனை விதித்துவிட்டார். பிரெஞ்சுப் புறநகரான பொண்டியில் அவர் வீட்டுப் பின்வளவில் நிற்கிற ஓக் மரம். அது செய்த குற்றம், இலை உதிர்த்தது. ஐப்பசி பிறந்தால் ஞாயிறு முழுக்க அவர் கூட்டி அள்ள வேண்டும். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலோ, ஸ்ரீஸ்கந்தராசாவின் மரக்கறிக் கடைப் பின்னறையில் மூன்று பேர் சீட்டுக்கட்டோடு நாலாவது கைக்குக் காத்திருப்பார்கள். முந்நூற்றிநாலு ஆட்டம். மனுசனுக்கு வாழ்க்கையில் மிஞ்சியிருந்த சுகம் அது ஒன்றுதான்.

சும்மா தறிக்கச் சொன்னால் மனைவி தில்லைநாயகி விடமாட்டாள். அந்த மரத்தடியில்தான் அவள் சூலம் நட்டு வைரவரைக் குடியிருத்தியிருந்தாள். அதனால் மரத்தை நோயாளியாக்கினார். வெள்ளைத் தழும்பு விழுந்த இலை ஒன்றைத் தட்டில் வைத்து, செத்தவீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு அவள் முன் நின்றார்.

"இஞ்சை பாரும். இத்தினியூண்டு அந்துப்பூச்சி முட்டை போட்டு, புழு இலைக்குள்ளை இருந்து தின்னுது. மரம் தப்பாது."

"ஐயோ, வைரவர் இருக்கிற மரமெல்லே!"

"அதுதான் சொல்லுறன். அவருக்கும் தொத்த முந்தித் தறிப்பம்."

அவள் இலையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மெல்லிய தோலுக்குள் புழு நெளிந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. அவரும் காய்ந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளுக்குள் மட்டும் அப்படியொரு சந்தோசம்.

ஞாயிறு காலை கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவரை, வாசலில் குப்பைவாரியோடு மறித்தாள்.

"பக்கத்து வீட்டு மர்கரீத்தைக் கேட்டனான். போனிலையும் தேடினனான். இந்தப் புழுவாலை மரம் சாகாதாம். ஆனா விழுந்த இலைக்குள்ளைதான் பனிக்காலம் முழுக்கக் கிடக்குமாம். மிச்சம் விடாமல் அள்ளினால் வாற வருசம் குறையுமாம்."

"எல்லா இலையுமோ?"

"ஓம். ஞாயிறு மட்டும் காணாது, ஒவ்வொரு நாளும் அள்ளவேணும். மரத்துக்காக அழுத மனுசனெல்லே நீங்கள்!"

ஆப்பிழுத்த குரங்கின் நிலை அவருக்கு. "அங்கை மூண்டு பேர் பாத்துக்கொண்டு இருப்பினமப்பா..."

"தெரியும். ஆக்களைத் தவிக்க விடலாமே? நாலாவது கைக்கு நான் போறன்."

போயே விட்டாள்.

பின்னேரம் அவள் திரும்பியபோது மகாலிங்கம் குப்பைப் பைகளுக்கு நடுவில் இடுப்பைப் பிடித்தபடி நின்றார். "என்னைக் காணேல்லை எண்டு ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை ஒண்டும் கேக்கேல்லையே?" என்றார் நப்பாசையோடு.

"கேட்டவர். 'இவ்வளவு காலமும் ஏன் தங்கச்சி அவரை அனுப்பினனீர்?' எண்டு."