ஆறு வயதில் நான் பூட்டிய ஆல்பம்

பிறந்த தேதி கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமை. எனக்கு அது இரண்டு. ஒன்று பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. அந்தத் தேதியில் பிறந்த பையனோடு எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. இன்னொன்று, ஆபரேஷன் முடிந்த நாற்பதாம் நாள். எனக்குப் பச்சைப் புடவை கட்டிவிட்டு, தலையில் பால் குடத்தோடு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், பாலைத் தண்ணீரில் ஊற்றச் சொல்லி, “இன்னிக்குத்தான்டி நீ பொறந்த” என்று செல்வி அம்மா சொன்ன நாள். எங்களைப் போன்ற திருநங்கைகள் வீட்டில் கேக் வெட்டுவது அந்தத் தேதியில்தான். (பெற்ற வீட்டில் யாரும் எதையும் வெட்டுவதாகத் தகவல் இல்லை.)

செல்வி அம்மா என்னைப் பெறவில்லை. வீட்டைவிட்டு வந்த என்னையும் சுகன்யாவையும் மகள்களாக ஏற்றுக்கொண்டவர். பெருங்களத்தூரில் அவர் வீட்டில்தான் இருக்கிறோம்.

எங்களில் பலருக்குச் சின்ன வயதுப் படம் கிடையாது. குடும்பப் படங்களிலிருந்து கத்தரிக்கோலால் நீக்கப்பட்டவர்கள். அம்மா பெட்டியில் சேர்த்து வைத்திருந்த படங்களும் ஒரு மழை வெள்ளத்தில் கூழாகிவிட்டன. அதன் பிறகுதான் படம் போடும் ஆப் ஒன்றில் ‘நம்ம வூட்டு ஆல்பம்’ என்று ஒரு பக்கம் தொடங்கினேன். தாம்பரம் சுற்றுவட்டாரத்துத் தோழிகள் கையில் மிஞ்சிய படங்களை அனுப்புவார்கள், நான் போடுவேன். கீழே கமெண்ட்டில் மற்றவர்கள் எழுதுவார்கள். “இது ரோசி அக்கா, குரோம்பேட்டைல இட்லிக் கடை வச்சிருந்தாங்க.” “பக்கத்துல நிக்கிறது நான்தான், அப்போ ஒல்லி.” எங்கள் வரலாறு வேறெங்கும் எழுதப்படவில்லை. அதைக் காக்கும் பொறுப்பு என்னிடம். (ஐயோ பாவம், வரலாறு.)

அந்த வெள்ளிக்கிழமை மதியம், ஆபீசில் தயிர்சாதத்தைத் திறந்தபோது ஆப் கேட்டது: உங்கள் பிறந்த தேதியை உறுதிசெய்யவும். பக்கம் தொடங்கும்போது வாய்க்கு வந்த ஏதோ தேதியைக் கொடுத்திருந்தேன். இனி உண்மையாக இருப்போமே என்று ஒரு பெருமிதம். ஏரிக்கரைத் தேதியை, வருடத்தோடு, நெஞ்சை நிமிர்த்தி அழுத்தினேன்.

ஆப் கூட்டிக் கழித்துப் பார்த்தது. எனக்கு ஆறு வயது. பதிமூன்று ஆகாதவர்கள் இங்கே இருக்கக்கூடாது என்று பக்கத்தையே பூட்டிவிட்டது.

தயிர்சாதம் தொண்டையில் நிற்கும்போதே அம்மாவின் போன்.

“தாரா, பிரேம் கடையில நிக்கிறேன். மல்லிகா படத்த அனுப்பு. ஞாயித்துக்கெழம தெவசம், ஞாபகம் கீதுல்ல?”

மல்லிகா அக்கா அம்மாவின் தோழி. இருபது வருடம் அதே வீட்டில் ஒன்றாக இருந்தவர். வெள்ளத்துக்குப் பிறகு அவருக்கென்று இருந்தது ஒரே படம். அதை அனுப்பிய தோழியின் போன் தொலைந்துவிட்டது, என் போன் மாறிவிட்டது. படம் ஆல்பத்தில் மட்டும்தான் இருந்தது.

“சிக்னல் இல்லம்மா” என்றேன்.

தவறென்றால் அடையாள அட்டை அனுப்பு என்றது ஆப். அனுப்பினேன். அட்டையில் வேறு பெயர், அரும்பு மீசையோடு ஒரு பையன். பொருந்தவில்லை என்றது. பிறகு வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னது. அதற்குள் அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்திருந்தேன். ஜிஎஸ்டி ரோட்டில் நின்று இடது பக்கம், வலது பக்கம், மேலே என்று பயபக்தியோடு தலையைத் திருப்பினேன். எதிரே நின்ற பஸ்ஸின் கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “இன்னாம்மா, ஏறுறியா இல்லியா? எதுக்கு எல்லாத்துக்கும் மாட்டேன்னு தலய ஆட்டற?”

‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தது. எத்தனை நாள் என்று வரவில்லை.

சாயங்காலம் உண்மையைச் சொன்னேன். பியூட்டி பார்லரிலிருந்து அப்போதுதான் வந்த சுகன்யா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “ஆறு வயசுப் பாப்பாவா நீ!” அம்மா சிரிக்கவில்லை.

“அவள அவ வூட்டுக்காரங்க ஒருதபா தொலச்சாங்க. நீ ரெண்டாந்தபா தொலச்சிட்டியாடி?”

பாத்ரூமுக்குள் போய் அழுதேன், முறைப்படி ஆறு வயதுக் குழந்தையாக.

வெளியே சுகன்யாவின் குரல் கேட்டது. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தாள். “மல்லிகாக்கா படம் யாராச்சும் எடுத்து வச்சிகினு கீறீங்களா?”

மறுநாள் மத்தியானத்துக்குள் ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். ஒன்பதும் ஸ்கிரீன்ஷாட். ஒன்று கோணல், ஒன்றில் பாதி முகம். தெளிவாக இருந்த ஒன்றில் மேலே போன் காட்டிய மணியும், நான்கு சதவீதம் சார்ஜும். கீழே பதினாறு சிவப்பு இதயங்களும், “செம அழகுக்கா”வும். அம்மாவோடு பிரேம் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, “மேலயும் கீழயும் வெட்டிடலாம்மா, நீட்டா இருக்கும்” என்றார்.

“வெட்டாத சார்” என்றார் அம்மா. “வெட்டினதெல்லாம் போதும்.”

பதினோராம் நாள் ஆப் எனக்கு முப்பத்து நான்கு வயது என்று ஒப்புக்கொண்டது. ஆல்பம் அப்படியே திரும்பி வந்தது. இப்போது அதன் பிரதி ஐந்து பேரிடம் இருக்கிறது. நல்ல படமாகப் பிரிண்ட் போட்டு மாற்றிவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை. மாலைக்கு நடுவே அக்கா இன்னமும் நான்கு சதவீதத்தில்தான் சிரிக்கிறார். விளக்கேற்றும் போதெல்லாம், “அக்காவுக்குச் சார்ஜ் போடு” என்பாள் சுகன்யா.

போன வாரம் பேங்க்கில் ஒரு பாரம் நிரப்பினோம். பிறந்த தேதி என்ற இடம் வந்ததும் அம்மா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, வரிசையே திரும்பிப் பார்க்கும்படிச் சத்தம் போட்டார்.

“பாப்பா கையில பேனா குடுத்தது யாருடி?”