கிளப் ஹவுஸில் கனடா அடுப்பு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்து எத்தனையோ ஆயிரம் வருஷமாகிறது. ஆனால் அந்த நெருப்பை ஏசி அறைக்குள் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, ரிப்பன் வெட்டிய பெருமை நாவலூர் ‘பனிச்சாரல் என்கிளேவ்’ குடியிருப்போர் சங்கத்துக்கே உரியது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்கிறேன். அடக்கம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தலைவர் பிரவின்குமார், மகளைப் பார்க்கக் கனடாவுக்குப் போனவர், வார்ப்பிரும்பில் செய்த விறகடுப்பு ஒன்றைக் கப்பலில் அனுப்பிவிட்டுத் திரும்பினார். “அங்க வீட்டுக்கு வீடு இது இருக்கு. நம்ம கிளப் ஹவுஸ்ல இல்ல. கேவலமா இல்லையா?” என்று கமிட்டியில் கேட்டார். அதுவரை எங்களுக்குக் கேவலமாக இல்லை. அவர் கேட்டதும் ஆகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். இந்த ஊரில் மார்கழியிலும் முதுகு வேர்க்கும். ஆகவே ஏசியைப் பதினாறில் வைத்து, ஜன்னல் இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்து, முதலில் குளிரை வரவழைப்பது, பிறகு அதை விரட்ட அடுப்பை மூட்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

அடுப்போடு ஒரு கையேடும் வந்திருந்தது. கோவளத்தில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஜுனைத், எங்கள் உறுப்பினர்தான், அதை முழுசாகப் படித்துவிட்டார். அன்றிலிருந்தே அவர் மேல் எங்களுக்கு ஒரு சந்தேகம்.

“சார், புகைக்குழாய் நேரா மேல போய் மொட்டை மாடியத் தாண்டி நிக்கணுமாம். அதோட வாய அடைக்கவே கூடாது. ரூமுக்குள்ள வெளிக்காத்து வந்துகினே இருக்கணும்.”

“வெளிக்காத்து வந்தா ஏசி போயிடும், பாய்” என்றார் தலைவர்.

“காத்து வரலன்னா ஆளே போயிடும், சார்.”

‘உறுப்பினர்கள் எதிர்மறையாகப் பேசுவதைத் தவிர்க்க வேண்டும்’ என்று கூட்டக் குறிப்பில் ஏற்றினோம்.

குழாயை மொட்டை மாடி வரைக்கும் கொண்டுபோனது என்னவோ உண்மை. அங்கேதான் மேல்மாடி ரோகிணி மேடத்தின் துணிக்கொடி இருந்தது. “என் சில்க் காட்டன் புடவையெல்லாம் கரி! இதுக்கா நான் மெயின்டெனன்ஸ் கட்டுறேன்?” என்று பொரிந்து தள்ளினார். ஜனநாயக முறைப்படி சமரசம் கண்டோம். துணி காயும் நேரத்தில் குழாயின் வாயை ஈரச் சாக்கால் கட்டிக்கொள்ளலாம். சாக்கை யார் அவிழ்ப்பது என்பதைத் தீர்மானத்தில் எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தால் டிபன் ஆறிப்போகும்.

திறப்பு விழாவில் ஒரு சிறிய அபசகுனம். அடுப்போடு வந்த எச்சரிக்கைப் பெட்டி, விஷப்புகை சேர்ந்தால் கத்துமாம். தலைவர் ‘தூய காற்று நமது உரிமை’ என்று உரையாற்றிக்கொண்டிருந்தபோது அது வீல் வீல் என்று கத்தியது. தலைவர் நிதானம் இழக்கவில்லை. பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உரையைத் தொடர்ந்தார். பலத்த கைதட்டல்.

“அப்ப புகை வந்தா எப்டி சார் தெரியும்?” என்றார் ஜுனைத்.

“ஒரு ஆளைப் போட்டுடுவோம். மனுஷனுக்கு மெஷின் ஈடாகுமா, பாய்?”

இப்படித்தான் காசிநாதனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மதுராந்தகம் பக்கத்து ஆள். எங்கள் கேட்டில் காவலாக நின்றவர். அவர் மனைவி பெயர் வேண்டா; இங்கேயே மாடிப்படி பெருக்குகிறாள். ஞாயிறு மாலைகளில் உறுப்பினர்கள் வருவதற்கு முன்பே காசிநாதன் அடுப்பை மூட்டி, அதன் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஏசிக் குளிர் வெளியே போகாதபடி கதவைச் சாத்தி வைக்க வேண்டும். எழுந்து போகவும் கூடாது. எரியும் அடுப்பைத் தனியே விடாதீர் என்கிறது கையேடு. அதில் நாங்கள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிநாதன் என்னிடம் வந்தார். “சார், உள்ள குந்தினா மண்ட விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கண்ணு இருட்டிக்கினு வருது சார். கொஞ்சம் கதவாண்ட குந்திக்கிட்டா?”

“கதவு தொறந்தா கரண்ட் பில் நீங்களா கட்டுவீங்க? தண்ணி நல்லாக் குடிங்க காசிநாதன்.”

என் மருத்துவ அறிவைக் கண்டு நானே வியந்தேன்.

அடுத்த ஞாயிறு ரோகிணி மேடம் சாக்கைக் கட்டினார். கொடியில் துணி காய்ந்தது. சாக்கும் காய்ந்தது. அவிழ்க்க மறந்துவிட்டார். டீ கொண்டுபோன வேண்டா கதவைத் திறந்தபோது காசிநாதன் நாற்காலியோடு சாய்ந்து கிடந்தார். அவள் போட்ட கூச்சலில் மூன்று பிளாக்கும் வெளியே வந்து நின்றது. ஜுனைத் தன் காரில் அவரை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பறந்தார்.

அவசரக் கூட்டம் கூடியது. “நம்ம மெம்பர் ஒருத்தருக்குக்கூட தலைவலி இல்லை. நாம உள்ள போறதுக்கு முன்னாடியே அவர் விழுந்துட்டாரு. ஏற்பாடு பக்காவா வேலை செஞ்சிருக்கு!” என்றார் தலைவர். எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

மறுநாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னை நிறுத்திவைத்துக் கேட்டார்.

“ஏங்க, அந்த ரூம்ல ஜன்னலே இல்லையா?”

“இருக்கு டாக்டர். ஏசி ஓடுதேன்னு அடைச்சிட்டோம்.”

“ஏசி எதுக்கு?”

“அடுப்பு எரியுதே.”

“அடுப்பு எதுக்கு?”

“ஏசி குளிருதே, டாக்டர்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். காசிநாதன் உயிர் பிழைத்துவிட்டதாகவும், மூளையில் விஷப்புகை ஏறியிருப்பதால் பழைய நினைவு திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

கட்டிலோரம் வேண்டா நின்றாள். என்னைக் கண்டதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“வந்துட்டியா சார்? வா, வந்து பாரு. கட்டுன பொண்டாட்டியப் பாத்து யாரும்மா நீன்னு கேக்குறாரு. பேரு கேட்டா முழிக்கிறாரு. மண்ட வலிக்குதுன்னு உங்கையிலதான சார் சொன்னாரு? நல்லா இருந்த மனுசன இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க?”

ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாது என்ற பொது அறிவு அவளுக்கு இல்லை. நான் அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டேன்.

அப்போது காசிநாதன் கண்ணைத் திறந்தார். வேண்டாவின் முகத்தை வெறுமையாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டிரிப்ஸ் ஏறிய கையை நெற்றிக்கு உயர்த்தி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

“கதவு சாத்திதான் கீது, சார்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. மனைவியின் முகத்தை எடுத்துக்கொண்டோம், சொந்தப் பெயரை எடுத்துக்கொண்டோம். அந்த சல்யூட்டை மட்டும் எங்கள் சங்கம் அவரிடமே விட்டுவைத்திருக்கிறது. அது எங்களுக்கு வேண்டியிருக்கிறதல்லவா?