இரும்புப் பெட்டியின் ஆறு இலக்கங்கள்

கெல்சென்கிர்ச்சன்,
செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்குரிய மச்சான் அருட்பிரகாசம் அவர்களுக்கு,

ஹனோவரில் உங்கள் முதுகுவலி குறைந்து, வனஜா அக்காவின் தோட்டத்து மிளகாய்க் கன்றுகள் குளிருக்குத் தப்பி, எல்லோரும் மனநிறைவோடு இருக்க ஆண்டவன் அருள்புரிவாராக. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உங்கள் தங்கச்சி புஷ்பராணியும் நல்ல சுகம். போன் இருக்கும்போது இவனுக்கு என்ன கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் கதைத்தால் அவ பக்கத்தில் நிற்பா. வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்களுக்கு முன் அவ வாசிப்பா. கலியாணம் கட்டி முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு அவவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்ய எனக்குத் தபால் முத்திரைதான் மிச்சம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் துவக்கு வாங்கியிருக்கிறேன். பயப்படாதேயுங்கள், இருந்து வாசியுங்கள். கடதாசியில் வட்டம் கீறி அதில் சுடுகிற சின்னக் கைத்துவக்கு. அதன் தோட்டா ஒரு கராம்பை விடக் கொஞ்சம்தான் பெரிது, அடி விளிம்பில் தட்டுப்பட்டால் வெடிக்கும். என்னோடு கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்த லூக்காஸ் இரண்டு வருடத்துக்கு முதல் சொசேஜ் சுடுகிறோம் வா என்று தன்னுடைய சங்கத்துக்கு என்னைக் கூட்டிப்போனான். சொசேஜ் மட்டும்தான் சுடுவார்கள் என்று நினைத்துப் போனேன். நிலவறைக்குள் இறங்கினால் ஆறு பேர் வரிசையாகத் துவக்கோடு நிற்கிறார்கள். மச்சான், துவக்கைக் கண்டால் எங்கே ஓடலாம் என்று பார்ப்பதுதானே எங்களுடைய பழக்கம். அங்கே ஒருவரும் ஓடவில்லை. ஒரு கிழவி கையை உயர்த்தினாள், உடனே ஆறு பேரும் துவக்கை வெறுமையாக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டக் குழலில் சிவப்புக் கயிறு கோத்து, மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார்கள். துவக்கு வைத்திருக்கிற ஆட்கள் ஒரு கிழவியிடம் அனுமதி கேட்டு நிற்பதை நான் என் சீவியத்தில் அன்றைக்குத்தான் கண்டேன். வெளியே வந்து கார் தரிப்பிடத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். வெடிப்புகை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று லூக்காஸ் நினைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு வருடம் ஒழுங்காகப் போய்ச் சுட்டேன். பரீட்சை எழுதினேன். அரசாங்கம் என் பழைய வரலாறு முழுவதையும் கிண்டிப் பார்த்துவிட்டு, இந்த அரியரத்தினம் நம்பத்தகுந்தவர் என்று ஒரு முடிவுக்கு வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து ஊர் கோயிலுக்குப் போகவும் நான் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது உங்களுக்குத் தெரியும். அதே நாடு இப்போது துவக்கைத் தந்து, உன்னை நம்புகிறோம் என்கிறது. அந்த வசனத்தை உங்கள் தங்கச்சிக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். அவ வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவ, "முடிவெடுக்க முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டவையே?" என்று கேட்டா.

துவக்கு தனியாக வருவதில்லை மச்சான், அது குடும்பத்தோடுதான் வரும். என் கை அளவுக்கு அரம் போட்டு ராவிய வால்நட் மரப்பிடி ஒன்று. அதைப் பிடித்தால் யாரோ தெரிந்த ஆள் கை கொடுத்தமாதிரி இருக்கும். மேலே பூட்டுகிற கண்ணாடி ஒன்று, எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, கண்ணுக்கு வயசாகிவிட்டது என்பதையே மறக்கச் செய்யும். சுட்ட ஓட்டையைப் பார்க்க ஒரு தொலைநோக்கி. அதை உங்கள் தங்கச்சி சமையலறை யன்னலில் நிறுத்தி, பஸ் திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்துப் போடுகிறா. எனக்கு வாங்கிய மஞ்சள் மூக்குக் கண்ணாடி வெங்காயம் வெட்ட உகந்தது என்று அதையும் எடுத்துக்கொண்டா. எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் காதுமூடி. இடது பக்கத்தில் ஒரு சின்ன விசை. அதைப் போட்டால் வெடிச் சத்தம் மட்டும் அடங்கி, மனிதர் பேசுவது, குசுகுசுப்பது கூட, பக்கத்தில் நின்று சொல்வதுபோல் கேட்கும். போடாவிட்டால் ஒன்றும் கேளாது. நான் தமிழ்ப் பாட்டுக் கேட்கும்போது அவ அதைத்தான் மாட்டிக்கொண்டு சமைக்கிறா. விசையைப் பற்றி நான் சொல்லவில்லை. பாவம், அமைதியாக இருக்கட்டும்.

இனித்தான் பிரச்சினை. துவக்கை வைக்க இரும்புப் பெட்டி வேண்டும் என்பது சட்டம். இரண்டு பேர் மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு ஏற்றி, படுக்கையறையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆறு இலக்கம் அமத்தினால் திறக்கும். உங்கள் தங்கச்சி அதைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்து, அரிசி வாளிக்குள் கிடந்த தன் நகைப்பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினா. அப்போதுதான் சொன்னேன், சட்டப்படி அந்த இலக்கம் எனக்கு மட்டும்தான் தெரியலாம், துவக்கு அனுமதி இல்லாத பெண்சாதிக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் நம்பத்தகுந்தவர் என்ற கடதாசியைத் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்று. அவ பொட்டலத்தைத் திரும்ப அரிசிக்குள் புதைத்தா. மூன்றாம் நாள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "மகள் தக்சாயினி பிறந்த தேதிதானே. உதுக்கு ஏன் பெரிய சட்டம்?" என்றா.

நான் திகைத்துப்போனேன். உடனே மாற்றினேன். எங்கள் அகதி வழக்கு இலக்கத்தின் கடைசி ஆறு எண்களைப் போட்டேன். மூன்று நாளில் கறியைக் கிளறிக்கொண்டே அதையும் சொன்னா. பதினொரு வருடம் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அந்த இலக்கத்தை எழுதியவ அவதானே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். பிறகு நாங்கள் பிராங்க்பேர்ட்டில் இறங்கிய நாள். பிறகு என் அம்மா செத்த நாள், அதுவும் பின்னாலிருந்து முன்னாலே. எல்லாம் சொன்னா மச்சான். பெட்டியைத் தொட்டதில்லை, கிட்டப் போனதில்லை, எனக்குள் கிடப்பதை வாசித்துச் சொல்கிறமாதிரிச் சொன்னா. முப்பத்தொரு வருடம் ஒரு மனிதரோடு இருந்தால் இப்படியும் ஒரு சக்தி வருமா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். எனக்கோ அவவின் சப்பாத்து அளவு கூடத் தெரியாது.

இந்த நிலையில் சொல்லாமல் கொள்ளாமல் காவல்துறையில் இருந்து ஒரு அம்மா பெட்டியைப் பார்வையிட வந்தா. வரலாம், அதுவும் சட்டம். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தோம். நான் திறந்து காட்டினேன். துவக்கின் இலக்கத்தைச் சரிபார்த்தா, திருப்தி. போகிற வழியில் புஷ்பராணியைப் பார்த்துச் சிரித்து, "இந்தப் பெட்டியின் இலக்கம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டா. என் உயிர் என் கையில் இல்லை. உங்கள் தங்கச்சி ஒரு பெருமூச்சு விட்டு, நல்ல ஜெர்மனில், "இந்த மனிதர் முப்பத்தொரு வருடத்தில் எனக்கு எதையாவது சொல்லியிருக்கிறாரா?" என்று திருப்பிக் கேட்டா. அந்த அம்மா, "எங்கள் வீட்டிலும் இதே கதைதான்" என்று சொல்லி இன்னொரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டு போனா. ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என்னை நம்பியவர்களை நான் ஏய்க்கக் கூடாது மச்சான். நம்புகிறோம் என்று ஒரு அரசாங்கம் எனக்கு எழுதித் தந்தது இதுதான் முதல் தரம்.

ஆகவே என் வாழ்க்கையில் இல்லாத ஒரு இலக்கம் தேடினேன். மகளின் பழைய லூடோக் கட்டையை ஆறு தரம் உருட்டி, விழுந்ததைப் போட்டேன். ஓரிடத்திலும் எழுதவில்லை. எட்டு நாளாயிற்று, உங்கள் தங்கச்சி இலக்கம் ஒன்றும் சொல்லவில்லை. வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவ என்னை ஒருமாதிரிப் பார்க்கிறா. கறியில் உப்பில்லை. நேற்று ஏன் என்று புரிந்தது. அவவால் வாசிக்க முடியாத ஒன்று இப்போது எனக்குள் இருக்கிறது, அது அவவுக்கு நோகிறது. எனக்கும் நோகிறது. யாரோ வேற்றாளோடு ஒரே வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது.

அதை விடப் பெரிய இடி, இன்று காலை பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன், இலக்கம் மறந்துவிட்டது. மகள், வழக்கு, விமானம், அம்மா என்று ஒரு பிடிமானமும் இல்லாத இலக்கம் எப்படி மச்சான் நினைவில் நிற்கும்? கண்டபடி அமத்தினேன். மூன்று தரம் பிழையாக அமத்தினால் பெட்டி ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கும், பிறகு மன்னித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துப் போட்டி. நான் முதல் தரமாக அணியில் நிற்கிறேன். லூக்காஸ் என் பெயரைப் பலகையில் எழுதிவிட்டான். "அரி, சுடும்போது எண்ணிக்கொண்டு வாயை அசைக்கிறாய், அதை மட்டும் விடு, வெல்லுவாய்" என்றும் சொன்னான். பூட்டுக்காரனைக் கூப்பிட்டு உடைத்தால் ஊருக்கெல்லாம் தெரியும், சொந்தப் பெட்டியின் இலக்கத்தை மறந்தவன் நம்பத்தகுந்தவனா என்று கேட்பார்கள். நீங்கள் பத்தொன்பது வருடம் அவவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர். அவவிடம் இருந்து ஒன்றை மறைத்து, அதேநேரம் நான் மட்டும் மறக்காமல் இருக்க ஒரு வழி சொல்லுங்கள். தயவுசெய்து தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்.

பெரியோருக்கு வணக்கமும் சிறியோருக்கு முத்தமும் மிளகாய்க் கன்றுகளுக்கு என் விசாரிப்பும்.

இப்படிக்கு, அரசாங்கத்தால் நம்பப்படும்
உங்கள் மச்சான்
அரியரத்தினம்

பி.கு.: அண்ணை, நான் புஷ்பராணி எழுதுறன். முத்திரை என்ரை கைப்பையிலைதான் கிடக்குது எண்டதை இவர் மறந்திட்டார், முத்திரை கேட்டு வந்தவரிட்டை நானே ஒட்டிப் போடுறன் எண்டு கடிதத்தை வாங்கினன். எனக்கு ஒரு சக்தியும் இல்லை. இந்த மனுசன் இலக்கத்தை அமத்தேக்கை வாயாலையும் சொல்லுறவர். முதல் இலக்கம் சுவருக்குள்ளாலேயே கேட்டது. பிறகு குரலைக் குறைச்சார், அப்பதான் நான் காதுமூடியைப் போட்டன். விசையையும் முதல் நாளே கண்டிட்டன். இந்தக் கடைசி இலக்கமும் கேட்டது, ஆனா அது அறுபத்து மூண்டாம் ஆண்டு பிறந்த ஆரோ ஒருத்தியின்ரை பிறந்தநாள் மாதிரிக் கிடந்துது. அந்தப் பொம்பிளை ஆர் எண்டு எட்டு நாளா நான் நித்திரையில்லை. லூடோக் கட்டை எண்டு இப்பதான் வாசிச்சன். இண்டைக்குக் கறிக்கு உப்புப் போட்டாச்சு. எனக்குத் தெரியும் எண்டு இவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, மனுசன் நம்பத்தகுந்தவர் எண்ட அந்தக் கடதாசியைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துப்போடும். அவர் அதை என்ரை கலியாணப் படத்துக்குப் பக்கத்திலை மாட்டி வைச்சிருக்கிறார். இது களவு வேலை எண்டு எனக்கும் விளங்குது, அதாலைதான் நானும் சங்கத்திலை சேர அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், குடுத்திட்டன். என்ரை பேருக்கும் ஒரு கடதாசி வந்தா இரண்டு பேருக்கும் இலக்கம் தெரியலாமாம். அதுவரைக்கும், ஞாயிற்றுக்கிழமை காலமை இவர் பெட்டிக்கு முன்னாலை முழிச்சுக்கொண்டு நிக்கேக்கை, நான் காதுமூடியைப் போட்டுக்கொண்டு குசினியிலை நிண்டு அவருக்குக் கேக்கிறமாதிரி ஆறு வெங்காயத்தை உரத்து எண்ணுவன். ஒண்டு, இரண்டு எண்ட ஒழுங்கிலைதான் எண்ணமாட்டன்.